மந்திரி ராஜினாமா செய்த ஊரும் ரயில் வராத ஊரும்

பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா இருக்கிறேன். போன செமஸ்டரிலிருந்து மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை இப்போதாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமான கட்டுரை. பொறுமையாகப் படிக்கவும்.

எங்கள் வகுப்பில் ஒரு கருத்தரங்கம் வைத்தார்கள். தலைப்பு, 'பொதுத்துறையா, தனியார்துறையா?'. நான் தனியார் பக்கம் பேசினேன். பி.காம். படிக்கிறவனுக்கு அது சுலபமான பக்கம். போட்டி இருந்தால் விலை குறையும், முதலாளி என்று ஒருவன் இருந்தால்தான் வேலை நடக்கும், நஷ்டத்தை வரிப்பணத்தில் கட்டக்கூடாது, ரயில் ஓட்டுவதும் பஸ் ஓட்டுவதும் அரசாங்கத்தின் வேலையே இல்லை என்று அடுக்கினேன். நன்றாகவே கை தட்டினார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து அரியலூர் நண்பன் ஒருவன் எழுந்தான்.

“மாப்ள, எங்க ஊர் ஆத்துல ரயில் விழுந்தப்ப மந்திரி ராஜினாமா பண்ணாரு. நீ சொல்ற மாதிரி கம்பெனிக்காரன் ஓட்டியிருந்தா யாருடா ராஜினாமா பண்ணியிருப்பா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். ஆனால் உண்மையில் என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு நூலகத்தில் தேடியது, பெரியவர்களிடம் கேட்டது எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை. நான் பெரம்பலூர்ப் பக்கத்துக்காரன். பெரம்பலூர் நகரத்துக்கு இன்றுவரை ரயில் கிடையாது. ரயில் ஏற அரியலூருக்கோ திருச்சிக்கோ பஸ் பிடிக்கவேண்டும். ஆக, ரயில் உள்ள ஊர், பஸ்ஸையே நம்பிய ஊர் என்று இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பதும் வசதியாகப் போயிற்று.

கம்பெனி ரயில்

முதலில் அந்தத் தண்டவாளம் யாருடையது என்று பார்ப்போம்.

நம் பக்கத்தில் ரயில் பாதை போட ஆரம்பித்தது அரசாங்கம் அல்ல. 'கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே' என்ற இங்கிலாந்துக் கம்பெனி. நாகப்பட்டினத்திலிருந்து 1861-ல் தஞ்சாவூர் வரையும், 1862-ல் திருச்சி வரையும் பாதை வந்தது. 1874-ல் அந்தக் கம்பெனியும் 'கர்நாடிக் ரயில்வே' என்ற இன்னொரு கம்பெனியும் சேர்ந்து 'சவுத் இந்தியன் ரயில்வே' ஆயின.

அடடா, அந்தக் காலத்திலேயே தனியார் துணிந்து பணம் போட்டிருக்கிறார்களே என்று நானும் முதலில் நினைத்தேன். அங்கேதான் சங்கதி இருக்கிறது. அன்றைய ரயில் கம்பெனிகளுக்கு அரசு ஒரு உத்தரவாதம் கொடுத்திருந்தது. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீதம் நிச்சயம். 100 ரூபாய் போட்டு 3 ரூபாய்தான் லாபம் வந்தது என்றால், மீதி 2 ரூபாயை இந்திய அரசின் கஜானா கொடுக்கும். கஜானா என்றால் யார்? நம் ஊர் உழவன் கட்டிய நிலவரி.

இப்படி ஒரு ஒப்பந்தம் இருந்தால் எந்த முதலாளி சிக்கனமாகச் செலவு செய்வான்? இந்திய அரசின் நிதிப் பொறுப்பில் இருந்த மாஸி என்பவர் 1872-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு முன்பு இதைத்தான் சாட்சியமாகச் சொன்னார். வட்டி உத்தரவாதம் உள்ள முதலாளிக்கு, தன் பணம் செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறினால் என்ன, ஹூக்ளி ஆற்றில் கொட்டப்பட்டால் என்ன, எல்லாம் ஒன்றுதான் என்பது அவர் சொன்னதன் சாரம். லாபம் தனியாருக்கு, நஷ்டம் பொதுவுக்கு. நாங்கள் பாடப்புத்தகத்தில் படிக்கும் 'முதலாளி ஏற்கும் இடர்' என்பது இதில் எங்கே இருக்கிறது?

1890-களின் தொடக்கத்தில் ஏற்பாடு மாறியது. பாதையை அரசு வாங்கிக்கொண்டது. ஆனால் நடத்தும் வேலை, அதே பெயரில் லண்டனில் பதிவான புதுக் கம்பெனியிடம் போயிற்று. சொத்து அரசுடையது, நிர்வாகம் கம்பெனியுடையது. இன்றைக்குத் திருச்சி-சென்னை நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடியில் நிற்கும்போது எனக்கு இந்த ஏற்பாடுதான் ஞாபகம் வருகிறது. சாலை அரசின் சாலை. போட்டதும் வசூலித்ததும் ஒப்பந்தக் கம்பெனி. நூறு வருஷம் கழித்து வந்த புதுமை என்று நாம் நினைப்பதெல்லாம் பழைய சரக்குதான்.

விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு வரும் பாதை (ரயில்வேக்காரர்கள் 'கார்டு லைன்' என்பார்கள்) 1920-களின் கடைசியில், இந்தக் கம்பெனி காலத்தில் போடப்பட்டது. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிப் போகும் பழைய பாதையைவிட இது நேர்ப்பாதை. அது பெரம்பலூரைத் தொடாமல் கிழக்கே விலகிப் போயிற்று. எங்கள் ஊரின் தலையெழுத்து அன்றைக்கே எழுதப்பட்டது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனையைக் கம்பெனி திருச்சி பொன்மலைக்கு மாற்றியது. கூடவே ஆட்குறைப்பு. 1928 ஜூலையில் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் போன்ற தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது.

ரயில்வேயை அரசே நேரடியாக நடத்தவேண்டும் என்ற கோரிக்கை அப்போது புதியதல்ல. மூன்றாம் வகுப்புப் பயணிகள் படும் அவஸ்தையைப் பற்றி காந்தி 1917-லேயே தனியாக எழுதினார். 1921-ல் அக்வொர்த் கமிட்டி, அரசு நிர்வாகத்தின் பக்கம் சாய்ந்து அறிக்கை கொடுத்தது. ஆனால் சவுத் இந்தியன் ரயில்வே அரசு நிர்வாகத்துக்கு வந்தது 1944 ஏப்ரலில்தான். 1951 ஏப்ரல் 14-ல் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே ஆகியவற்றோடு சேர்ந்து 'தெற்கு ரயில்வே' ஆயிற்று.

சரி, அரசு கைக்கு வந்ததும் எல்லாம் சுபமா? இல்லை. 1946 செப்டம்பர் 5-ல் பொன்மலையில் வேலைநிறுத்தம் செய்த ரயில்வே தொழிலாளர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தியது. ஐந்து பேர் இறந்தார்கள். அப்போது முதலாளி லண்டன் கம்பெனி அல்ல, அரசாங்கம். உடைமைப் பத்திரத்தில் பெயர் மாறுவதால் மட்டும் ஒரு நிர்வாகத்துக்கு இதயம் முளைத்துவிடாது என்பதை நான் இங்கே குறித்துக்கொண்டேன்.

மருதையாற்றில் ஒரு விடியற்காலை

இப்போது நண்பனின் கேள்விக்கு வருவோம்.

1956 நவம்பர் 23. விடியற்காலை. சென்னையிலிருந்து கிளம்பிய தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி கல்லகம் நோக்கிப் போகிறது. பெருமழை. மருதையாற்றில் வெள்ளம். மழைக்காலம் தவிர மற்ற நாளில் மணலாகக் கிடக்கும் ஆறு அது. அன்று பாலத்தையே ஆட்டிவிட்டது. இன்ஜினும் முன்பக்கப் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் தூக்கத்திலேயே போனவர்கள். அரியலூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இப்போதும் 'ரயில் கவுந்த வருஷம்' என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அப்போது மத்திய ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி. அதே வருஷம் செப்டம்பரில் மகபூப்நகர் அருகே பாலம் இடிந்து ரயில் விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அப்போதே சாஸ்திரி ராஜினாமா கடிதம் கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடியும் கொடுத்தார். இந்த முறை ஏற்கப்பட்டது. விபத்துக்கு சாஸ்திரி நேரடிப் பொறுப்பாளி அல்ல என்றும், ஒரு நல்ல முன்மாதிரி ஏற்படவேண்டும் என்பதற்காகவே ஏற்பதாகவும் நேரு பாராளுமன்றத்தில் சொன்னார்.

ரயில்வே துணை மந்திரியாக இருந்தவர் நம் தமிழ்நாட்டுக்காரர், ஓ.வி. அழகேசன். அரியலூர், அழகேசன், ஆண்டது, மாண்டது என்று எதுகை மோனையோடு ஒரு கோஷத்தை உருவாக்கி தி.மு.க. மேடைகளில் முழங்கினார்கள். அரசியல் கோஷம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு பாலம் ஏன் இடிந்தது என்ற கேள்வியை ஓட்டுக் கேட்க வருகிறவரிடம் கேட்க முடிந்தது. கம்பெனி காலத்தில் அதே பாலம் இடிந்திருந்தால்? லண்டனில் கூடும் பங்குதாரர் கூட்டத்தில் மருதையாற்றங்கரை விவசாயி போய்க் கேட்டிருக்க முடியுமா?

நண்பன் ஜெயித்துவிட்டான் என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்து கொஞ்சம் தேடினேன்.

1999 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தில் கைசால் என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின. ரயில்வே மந்திரி நிதிஷ் குமார் ராஜினாமா செய்தார். 2023 ஜூன் 2-ல் ஒடிசாவில் பாலசோர் அருகே மூன்று ரயில்கள் சிக்கிய விபத்தில் 290 பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் அது. யாரும் ராஜினாமா செய்யவில்லை. சி.பி.ஐ. விசாரணை நடந்தது, ரயில்வே ஊழியர்கள் சிலர் கைதானார்கள். அதே பொதுத்துறை, அதே ரயில்வே.

ஆக, சாஸ்திரியின் ராஜினாமா பொதுத்துறையின் விதி அல்ல. அது அந்த மனிதரின் குணம். மனிதரின் குணத்தை நம்பி ரயில் ஓட்ட முடியாது. எழுதிவைத்த ஏற்பாடு வேண்டும். அப்படி ஒரு ஏற்பாடு நம்மிடம் உண்டு. விபத்தை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர்கள் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருவதில்லை. 1941-லேயே அவர்களை ரயில்வே போர்டிலிருந்து பிரித்துவிட்டார்கள். இப்போது அவர்கள் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்கள். காமர்ஸ் மாணவர்களுக்கு இது சட்டென்று புரியும். கணக்கு எழுதுகிறவனே தணிக்கையும் செய்யக்கூடாது, அவ்வளவுதான்.

இங்கிலாந்துக்காரர்கள் செய்து பார்த்தது

'கம்பெனி ஓட்டியிருந்தால்?' என்ற கேள்விக்கு நம் ஊரில் பதில் இல்லாவிட்டாலும், நமக்கு ரயில் கொண்டுவந்தவர்களின் ஊரில் இருக்கிறது.

இங்கிலாந்தில் ரயில்வே 1948-ல் தேசியமயமானது. 1990-களின் நடுவில் தனியார்மயமானது. தண்டவாளம் ஒரு கம்பெனிக்கு (பெயர் ரயில்ட்ராக்), வண்டிகள் பல கம்பெனிகளுக்கு, பராமரிப்பு வேலை ஒப்பந்தக்காரர்களுக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். 2000 அக்டோபரில் ஹாட்ஃபீல்டு என்ற இடத்தில் விரிசல் விட்ட தண்டவாளம் நொறுங்கி ரயில் தடம் புரண்டது. நான்கு பேர் இறந்தார்கள். தண்டவாளத்தில் கோளாறு இருப்பது முன்பே தெரிந்த விஷயம். யார் மாற்றுவது, எப்போது மாற்றுவது என்பதில்தான் இழுபறி. நாடு முழுக்க இப்படி எத்தனை தண்டவாளம் இருக்கிறது என்பதற்கு அந்தக் கம்பெனியிடம் சரியான கணக்கு இல்லை. வேகக் கட்டுப்பாடுகள் போட்டு நாட்டின் ரயில் போக்குவரத்தே ஸ்தம்பித்தது. அடுத்த வருஷமே கம்பெனி திவால் நிலைக்குப் போக, 2002-ல் தண்டவாளங்கள் லாபநோக்கற்ற ஒரு அமைப்பின் கைக்கு வந்தன. 2024-ல் புதுச் சட்டம் போட்டு, 2025 மே மாதத்திலிருந்து வண்டிகளையும் ஒவ்வொரு கம்பெனியாக அரசு திரும்ப எடுக்க ஆரம்பித்தது.

நான்கு உயிருக்காக ஒரு கம்பெனியே விழுந்ததே, அங்கே பொறுப்பு இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கம்பெனி விழுந்தபோது தண்டவாளத்தை யார் தூக்கிச் சுமந்தார்கள்? அரசாங்கம்தான். ஒரு பலசரக்குக் கடை திவாலானால் பக்கத்துக் கடைக்குப் போகலாம். பக்கத்துத் தண்டவாளத்துக்குப் போக முடியுமா?

பெரம்பலூருக்கு பஸ் வந்த கதை

ரயில் இல்லாத எங்கள் ஊருக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் பஸ் தொழிலை வளர்த்தது தனியார்தான். இதில் சந்தேகமே இல்லை. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1910-களின் தொடக்கத்தில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். பின்னாளில் மதுரைப் பக்கம் டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள் என்று சொல்வார்கள். கும்பகோணத்தில் ராமன் அண்ட் ராமன், கோவையில் ஏ.பி.டி. என்று பெரிய பெரிய கம்பெனிகள்.

சென்னையில் 1947-லேயே அரசு பஸ் ஓட ஆரம்பித்தது. 1967-ல் ஆட்சி மாறிய பிறகு நீண்டதூர ரூட்டுகள் படிப்படியாக அரசுடைமையாயின. 1971-ல் பெரிய பஸ் கம்பெனிகளை எடுத்துக்கொள்ளச் சட்டம் வந்தது. 1972-ல் சென்னையில் பல்லவன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று அரசுக் கழகங்கள் பிறந்தன. பிறகு மாவட்டத்துக்கு மாவட்டம் இன்னும் பல. நாங்கள் அப்போது திருச்சி மாவட்டம். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995-ல்தான். எங்கள் பக்கம் ஓடிய பஸ்களில் 'தீரன் சின்னமலை' என்று எழுதியிருக்கும். 1997-ல் ஒரு கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததையொட்டித் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. எல்லாக் கழகங்களின் பெயரையும் எடுத்துவிட்டு 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' என்று ஆக்கினார்கள்.

எங்கள் அப்பாயியிடம் பழைய பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன்.

“கம்பெனி பஸ்ஸுன்னா ரோட்டு மேல இருக்கற ஊருக்குத்தான். நம்மூருக்கு எவன் வந்தான்? மூணு மைல் நடந்து போய் ரோட்டுல நிக்கோணும். பெரியவூட்டுக்காரங்க வர்ற வரைக்கும் வண்டிய நிறுத்தி வெச்சிருப்பான். நாம ஓடியாந்தா போயிருவான்.”

தாத்தா உடனே குறுக்கே பேசினார். “அப்படியெல்லாம் சொல்லாத. கண்டக்டருக்கு நம்மள மூஞ்சி தெரியும். காட்டுக்குள்ள ஓடியாரதப் பாத்தா நிறுத்துவான். கவர்மெண்டு பஸ்ஸு வந்தப்புறம்தான் ஸ்டாப்பிங்குல நின்னாலும் நிறுத்தாமப் போனான்.”

இருவர் சொன்னதும் உண்மையாகத்தான் இருக்கவேண்டும். கூட்டம் உள்ள இடத்தில் தனியார் நன்றாக ஓட்டினார்கள். கூட்டம் இல்லாத இடத்துக்கு அவர்கள் வரவே இல்லை. அரசு பஸ் எல்லா இடத்துக்கும் வந்தது. ஆனால் சில இடங்களில் நிற்கவில்லை. :-)

இதில் உள்ள கணக்கைப் பார்ப்போம். ஒரு பஸ் கழகத்துக்கு இரண்டு வகை ரூட் உண்டு. திருச்சி-சென்னை போல எப்போதும் சீட்டு நிரம்புகிற ரூட் ஒன்று. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சாயங்காலம் நாலு பேர் என்று ஓடும் கிராமத்து ரூட் இன்னொன்று. முதலாவதில் வருகிற பணத்தில்தான் இரண்டாவது ஓடுகிறது. தனியாரிடம் கொடுப்பது என்று வந்தால் அவர் எதைக் கேட்பார்? முதல் வகையைத்தான். அதைக் கொடுத்துவிட்டால் கிராமத்து பஸ்ஸின் நஷ்டம் அப்படியே நிற்கும். பிறகு 'பார்த்தீர்களா, அரசு பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது' என்று என்னைப் போல ஒருவன் கருத்தரங்கத்தில் பேசுவான்.

அதற்காகக் கழகங்களின் நஷ்டம் முழுவதையும் 'சேவை' என்று சொல்லிவிட்டால் அது பொய்க்கணக்கு. டீசல் விலை ஏறிக்கொண்டே இருக்க, ஓட்டுக்குப் பயந்து வருஷக்கணக்காகக் கட்டணத்தைத் தொடமாட்டார்கள். பிறகு ஒரே நாளில் தலையில் இறக்குவார்கள். 2011 நவம்பரில் ஏற்றியது, அடுத்து 2018 ஜனவரியில். அந்த ஜனவரி நினைவிருக்கிறதா? மாதத் தொடக்கத்தில் ஒரு வாரம் பஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம். சம்பள உயர்வும் ஓய்வுபெற்றவர்களின் நிலுவையும் கோரிக்கைகள். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பணத்தையே கழகங்கள் அன்றாடச் செலவுக்கு எடுத்துவிட்டன என்பது தொழிற்சங்கங்களின் குற்றச்சாட்டு. வேலைநிறுத்தம் முடிந்த கையோடு, 20-ஆம் தேதி கட்டணம் ஏறியது. தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒரு வாரத்தில் அரசு கொஞ்சம் குறைத்தது.

கொஞ்சம்தான் குறைத்தது. ஆனால் குறைத்தது. நான் இந்த இடத்தில்தான் நின்று யோசித்தேன். மாணவர்கள் கேட்டார்கள், பதில் வந்தது.

2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அந்தப் பணத்தை அரசு பட்ஜெட்டிலிருந்து கழகங்களுக்குக் கொடுக்கிறது. கணக்குப்படி இது ஒரு நல்ல மாற்றம். முன்பு நஷ்டம் என்ற ஒரே தலைப்பில் ஒளிந்திருந்த செலவில் ஒரு பகுதியாவது இப்போது மானியம் என்று வெளிப்படையாக எழுதப்படுகிறது. எவ்வளவு, யாருக்கு என்று சட்டமன்றத்தில் கேட்கலாம். எங்கள் அப்பாயிக்கு பட்ஜெட் எல்லாம் தெரியாது. முன்பு பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போக மகனிடம் காசு கேட்கவேண்டும், பிறகு கேட்காமல் போக ஆரம்பித்தார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

தனியாருக்கு இதில் இடமே இல்லையா? இருக்கிறது. 1997-ல் வந்த மினி பஸ் திட்டம் நல்ல உதாரணம். பெரிய பஸ் போகமுடியாத ஊர்களுக்குத் தனியார் சின்ன பஸ் விடலாம், ரூட்டும் கட்டணமும் அரசு நிர்ணயம். 2025 ஜூனில் அதை விரிவாக்கிப் புதுத் திட்டம் தொடங்கினார்கள். உடைமை தனியாரிடம், விதி பொதுவின் கையில். ஆனால் விதியை யாராவது கவனித்தால்தான் அது விதி. மதியம் கூட்டம் இல்லை என்று ஒரு ட்ரிப்பை அடித்துவிட்டால், அதைப் பிடிக்க நின்ற பாட்டி யாரிடம் போய்ச் சொல்வார்?

சுண்ணாம்புக்கல் ஊரில் அரசு சிமெண்ட்

அரியலூரைப் பற்றி எழுதிவிட்டு சிமெண்டைப் பற்றி எழுதாமல் விட்டால் நண்பன் கோபித்துக்கொள்வான். சிமெண்ட் என்பது ரயில், பஸ் போன்ற சேவை இல்லைதான். ஆனால் பொதுவும் தனியாரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஊர் இது என்பதால் சேர்க்கிறேன்.

ஒரு காலத்தில் கடலாக இருந்த பூமி அது. அந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பி சுற்றிலும் பல தனியார் ஆலைகள். நடுவில் ஒரு அரசு ஆலை. தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் 1976-ல் தொடங்கப்பட்டது, அரியலூர் ஆலை 1979-ல் வந்தது.

சிமெண்ட் விலை விஷயம் எல்லாருக்கும் தெரியும். 2012-ல் இந்தியப் போட்டி ஆணையம், கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து விலையை ஏற்றியதாகச் சொல்லி அவற்றுக்குச் சுமார் 6,300 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனிகள் மறுத்து மேல்முறையீடு செய்தன. 2015-ல் அந்த உத்தரவு ரத்தாகி, 2016-ல் ஆணையம் மறுபடி அபராதம் போட்டு, 2018-ல் தீர்ப்பாயம் அதை உறுதிசெய்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. நான் வகுப்பில் 'போட்டி இருந்தால் விலை குறையும்' என்று பேசினேன் அல்லவா? போட்டி இருக்கிறதா என்று பார்க்கவே ஒரு பொது ஆணையம் தேவைப்படுகிறது.

அரசு என்ன செய்தது? 2015 ஜனவரியில் 'அம்மா சிமெண்ட்' திட்டம். மூட்டை 190 ரூபாய், வீடு கட்டுகிறவர்களுக்கு அளவு கணக்கிட்டு. ஆனால் அந்த சிமெண்டைத் தனியார் ஆலைகளிடமிருந்துதான் வாங்கி விற்றார்கள். 2021 நவம்பரில் அரசுக் கழகமே 'வலிமை' என்ற பெயரில் புது சிமெண்ட் கொண்டுவந்தது, 350 ரூபாயிலிருந்து. அரசு ஆலை சந்தையில் சின்ன ஆள். விலையைத் தானே நிர்ணயிக்கும் பலம் அதற்கு இல்லை. ஆனால் ஒரு மூட்டை சிமெண்ட் தயாரிக்க உண்மையில் என்ன செலவாகிறது என்பது அரசுக்குத் தன் வீட்டிலேயே தெரியும். ஒரு தராசுக்கல் கையில் இருப்பது போல.

அதே சமயம், சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பும் தூசி அரசு ஆலையாக இருந்தாலும் தனியார் ஆலையாக இருந்தாலும் ஒரே தூசிதான். ரோட்டோரத்து வீட்டில் இருமுகிறவருக்கு லாரி யாருடையது என்பது முக்கியமில்லை.

நண்பனுக்குப் பதில்

கருத்தரங்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன் மாப்ள.

பொதுத்துறை என்றால் தானாகவே நல்லது என்று நீ நினைத்தாய். பொன்மலையும் பாலசோரும் அப்படி இல்லை என்கின்றன. தனியார் என்றால் தானாகவே திறமை என்று நான் நினைத்தேன். 5 சதவீத உத்தரவாதமும் ஹாட்ஃபீல்டும் அப்படி இல்லை என்கின்றன. முதலாளி யார் என்பதைவிட, தப்பு நடந்தால் யாரிடம் போய்க் கேட்பது, கேட்டால் பதில் சொல்லியே தீரவேண்டிய கட்டாயம் அவருக்கு உண்டா என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்தில் வேறு கடை இருக்கும் தொழிலில் 'நான் உன்னிடம் வாங்கமாட்டேன்' என்பதே போதுமான கேள்வி. அங்கே தனியார் இருக்கட்டும். ஆனால் ஒரே தண்டவாளம், ஒரே பஸ் என்று வேறு வழியில்லாத இடத்தில் அந்த ஆயுதம் நம்மிடம் இல்லை. அங்கே நம் கையில் இருப்பது ஓட்டும், சட்டமன்றக் கேள்வியும், தகவல் உரிமைச் சட்டமும், தெருவில் இறங்கும் காலும்தான். இவை பொதுச்சொத்தின் மேல் பாயும் அளவுக்குக் கம்பெனியின் மேல் பாயாது. அதனால்தான் அந்த இடங்களில் பொது உடைமை வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். கேட்கும் உரிமை இருந்தும் கேட்காமல் இருந்தால், அதுவும் லண்டன் கம்பெனி மாதிரிதான் ஆகிவிடும்.

கடைசியாக ஒன்று. அரியலூர் தனி மாவட்டமாகி, பிறகு ரத்தாகி, மறுபடி மாவட்டமான நாள் 2007 நவம்பர் 23. ரயில் ஆற்றில் விழுந்த அதே தேதி. தற்செயல்தான். ஆனால் ஒவ்வொரு வருஷமும் அந்த நாள் வரும்போது மாவட்டத்தின் பிறந்தநாளோடு அந்த 140-க்கும் மேற்பட்டவர்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம். மழை பெய்யும் நவம்பர் இரவில் பாலத்தைத் தாண்டும் ரயிலில் நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றால், யாரோ ஒருவர் லாந்தரோ டார்ச்சோ வைத்துக்கொண்டு அந்தப் பாலத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அவர் நாளைக்கும் வருவாரா என்று கேட்டுக்கொண்டே இருப்பது நம் வேலை.

தப்பு இருந்தால் திருத்துங்கள், தெரிந்துகொள்கிறேன். பெரம்பலூருக்கு ரயில் எப்போது வரும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதையும் கேட்கவேண்டியவர்களிடம்தான் கேட்கவேண்டும்.